கட்சிக்காரர் பணம் வேறு, ஃபீஸ் வேறு: வழக்கறிஞர் அலுவலகக் கணக்கு – வாசகர் கேள்வி பதில்

வழக்கறிஞர் அலுவலக வரவு செலவு பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலானவை வழக்கறிஞர்களிடமிருந்து வந்தவை. ஒன்று மட்டும் கட்சிக்காரர் ஒருவருடையது. வருமான வரிப் பிரிவுகளுக்கு 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே எழுதியிருக்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து எண்கள் மாறினாலும், கோர்ட் வளாகத்திலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் பேச்சில் இருப்பது பழைய எண்கள்தான்.

“எல்லாத்துக்கும் சேர்த்து வச்சுக்கங்க சார்” என்று கட்சிக்காரர்கள் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதை எப்படிக் கணக்கில் எழுதுவது?
– இளம் வழக்கறிஞர், மதுரை

வாங்கும்போதே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: இவ்வளவு ஃபீஸ், இவ்வளவு செலவுக்கு. பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது பிரியவே பிரியாது. இந்தப் பகுதியில் இனி வரும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இந்த ஒரு பிரிவினைதான்.

பிரித்து எழுதுவது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததும் அல்ல. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 25-வது விதி, கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்கச் சொல்கிறது: என்ன வந்தது, என்ன செலவானது, ஃபீஸாக எவ்வளவு எடுக்கப்பட்டது, எல்லாம் தேதியோடு. வந்த பணம் ஃபீஸுக்கா செலவுக்கா என்று குறிப்பிட வேண்டும் என்கிறது 26-வது விதி. வழக்கு நடக்கும் காலத்தில் செலவுப் பணத்தை ஃபீஸுக்குத் திருப்புவதானால் கட்சிக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. வாயால் சொன்ன சம்மதம் போதாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6 லட்சம் ரூபாய் பணம் வசூல் வழக்கு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே கோர்ட் ஃபீஸ் 18,000. பேசிய ஃபீஸ் 40,000. கட்சிக்காரர் முதல் தவணையாக 45,000 கொடுக்கிறார். ரசீதில் இரண்டு வரி எழுதுங்கள்: “ஃபீஸ் முன்பணம் 20,000, வழக்குச் செலவுக்கு 25,000.” ரசீது 5,000 ரூபாயைத் தாண்டினால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். ரசீதின் அடிக்கட்டையிலும் இதே இரண்டு வரி இருக்க வேண்டும்.

அடுத்தது பேரேடு, அதாவது லெட்ஜர். ஆளுக்கு ஒரு பக்கம் போதாது, வழக்குக்கு ஒரு பக்கம் வேண்டும். ஒரே கட்சிக்காரருக்கு மூன்று வழக்கு இருந்தால் மூன்று பக்கம். இடது பாதியில் தேதி, விவரம், செலவுக்கென வரவு, செலவு, மீதி. வலது பாதியில் பேசிய ஃபீஸ், வந்தது, பாக்கி. மேலே சொன்ன வழக்கில் கோர்ட் ஃபீஸ் 18,000 கட்டியதும் மின் ரசீது எண்ணோடு எழுதுங்கள், மீதி 7,000. வக்காலத்து ஸ்டாம்ப், பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் தொகை), டைப்பிங், நகல் என்று 1,150 போனால் மீதி 5,850. இந்த 5,850 செலவாகும்வரை கட்சிக்காரருடையது. அந்த மாதம் அலுவலக வாடகைக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்தாலும் அதைத் தொடக் கூடாது.

கணக்கு பெரும்பாலும் இடறுவது குமாஸ்தாவிடம் கொடுத்து வைக்கும் சில்லறையில்தான். பேட்டாவுக்கு 200, காப்பி அப்ளிகேஷனுக்கு 100 என்று அவ்வப்போது எடுத்துக் கொடுத்தால் வாரக் கடைசியில் எந்த வழக்குக்கு எது போனது என்று யாருக்கும் தெரியாது. அதற்குச் சுழல் முன்பணம் என்ற பழைய முறை இருக்கிறது. திங்கட்கிழமை 5,000 கொடுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு துண்டுச் சீட்டு: தேதி, வழக்கு எண், தொகை, குமாஸ்தாவின் சுருக்கொப்பம். சனிக்கிழமை சீட்டுகளின் கூட்டுத்தொகையும் கையில் இருக்கும் ரொக்கமும் சேர்ந்து சரியாக 5,000 வர வேண்டும். சீட்டுத் தொகை 3,260 என்றால் 3,260 மட்டும் கொடுத்து மறுபடி 5,000 ஆக்குங்கள். சீட்டுகளை அன்றே பேரேட்டில் ஏற்றிவிடுங்கள். ஆட்டோ, ஜெராக்ஸ் போன்றவற்றுக்குக் கடை ரசீது கிடைக்காவிட்டால் அந்தச் சீட்டே வவுச்சர்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு பிரிவில் ரசீது இல்லாமல் பணம் கேட்டால் அது வழக்குச் செலவு ஆகாது, லஞ்சம். அதைக் கட்சிக்காரர் கணக்கில் ‘இதர செலவு’ என்று எழுதுவது அவரையும் அந்தக் குற்றத்துக்குள் இழுப்பதாகும். வருமான வரியிலும் அது செலவாக ஏற்கப்படாது.

கட்சிக்காரர்கள் எல்லோரும் யு.பி.ஐ.யில்தான் பணம் போடுகிறார்கள். என் சேமிப்புக் கணக்கு, ஜூனியரின் போன் நம்பர் என்று பல இடங்களில் வந்து சேர்கிறது. என்ன செய்யலாம்?
– வழக்கறிஞர், திருப்பூர்

ஜூனியரின் நம்பருக்கு வருவதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் வேறு அலுவலகம் போனபின் அந்தப் பணத்துக்கு உங்களிடம் வங்கிச் சான்று இருக்காது. அவருடைய வரிக் கணக்கிலோ அவருக்குச் சொந்தமில்லாத வரவு நிற்கும்.

இரண்டு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். ஒன்று அலுவலகக் கணக்கு: ஃபீஸ் இதற்கு வரும், வாடகை, சம்பளம், உங்கள் வீட்டுச் செலவுக்கு எடுப்பது எல்லாம் இதிலிருந்து போகும். இன்னொன்று கட்சிக்காரர் கணக்கு: செலவுப் பணம், சமரசத் தொகை, எதிர்த்தரப்பிலிருந்து வருபவை இதில் மட்டும். தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்று பார் கவுன்சில் விதி கட்டாயப்படுத்தவில்லை. கணக்கு எழுதத்தான் சொல்கிறது. ஆனால் ஒரே கணக்கில் இரண்டு பணமும் கலந்து கிடக்கும்போது, எவ்வளவு நேர்மையானவருக்கும் மாதக் கடைசியில் வங்கி இருப்பு முழுவதும் தன்னுடையதாகத் தோன்றும். அதனால்தான் இரண்டு கணக்கு என்று வற்புறுத்துகிறோம். பான் அட்டையும் பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழும் கொண்டுபோனால் வங்கியில் பேச்சைத் தொடங்கலாம்.

மேஜை மேல் இரண்டு க்யூஆர் அட்டை வைத்தால் கட்சிக்காரர் குழம்புவார். ஃபீஸுக்கான அட்டையை மட்டும் மேஜையில் வையுங்கள். செலவுப் பணத்துக்கு, தொகையும் வழக்குக் குறிப்பும் எழுதி மற்றக் கணக்கின் யு.பி.ஐ. முகவரியை நீங்களே அவருடைய போனுக்கு அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் உங்கள் அலுவலகக் கோப்பு எண்ணைப் போடச் சொல்லுங்கள். பணம் மகன் கணக்கிலிருந்தோ மைத்துனர் கணக்கிலிருந்தோ வரும்போது, யாருடைய வழக்குக்கு வந்தது என்று கண்டுபிடிக்க அந்த எண் ஒன்றுதான் துணை.

கட்சிக்காரர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ரசீது எழுதாதீர்கள். போலியாகத் தயாரித்த படமும் உண்டு, பாதியில் நின்ற பரிமாற்றமும் உண்டு. வங்கிக் கணக்கில் வரவு விழுந்த பிறகே ரசீது. யு.பி.ஐ.யில் ஒரு முறைக்குப் பொதுவாக 1 லட்சம்தான் அனுப்ப முடியும். அதற்கு மேல் என்றால் நெஃப்ட். 2 லட்சமும் அதற்கு மேலும் ஆர்.டி.ஜி.எஸ். இரண்டுமே இப்போது 24 மணி நேரமும் இயங்குவதால், “பேங்க் மூடிட்டாங்க சார்” என்பது காரணமாகாது.

கிரெடிட் கார்டில் வாங்குவதானால் ஃபீஸுக்கு மட்டும் வாங்குங்கள். கார்டு நிறுவனமும் கேட்வேயும் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்பும். கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 18,000 கோர்ட் ஃபீஸுக்கு 360 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 64 ரூபாய் 80 காசு. கைக்கு வருவது 17,575 ரூபாய் 20 காசு. கோர்ட்டில் கட்ட வேண்டியதோ 18,000. குறையும் 424 ரூபாய் 80 காசு இன்னொரு கட்சிக்காரரின் பணத்திலிருந்து போகும். தொகை சிறிதுதான். ஆனால் கார்டில் வாங்கும் ஒவ்வொரு கோர்ட் ஃபீஸுக்கும் இதே குறை விழும்.

மாதம் ஒரு நாள், வங்கி அறிக்கை வந்த மறுநாளே, மூன்றை ஒத்துப் பாருங்கள்: கட்சிக்காரர் கணக்கின் வங்கி இருப்பும் குமாஸ்தாவிடம் உள்ள முன்பணமும் சேர்ந்த தொகை, உங்கள் ரொக்கப் புத்தக மீதி, பேரேட்டில் எல்லா வழக்குகளின் மீதிகளையும் கூட்டிய தொகை. மூன்றும் ஒரே எண்ணாக வர வேண்டும். வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. ஏதாவது ஒரு வழக்கின் மீதி 3,500 குறையில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் அந்த 3,500 மற்றவர்களின் பணத்திலிருந்து போயிருக்கிறது. அன்றே அலுவலகக் கணக்கிலிருந்து மாற்றி ஈடுகட்டிவிட்டுக் கட்சிக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அதையே பழக்கமாக்கிவிடாதீர்கள். வழக்கு நடத்தக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்கிறது 32-வது விதி.

ரொக்கமாக வாங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே நிகழ்வு தொடர்பாக, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் 269எஸ்டி பிரிவின்படி வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகலாம். அபராதம் வாங்கியவருக்குத்தான். ஒரே வழக்குக்காகத் தவணை தவணையாக வாங்கினாலும் அதை ஒரே நிகழ்வாக அதிகாரி பார்க்க இடமிருக்கிறது.

ஒரு கம்பெனிக்காக வழக்குப் போட்டேன். ஃபீஸ் 60,000, கோர்ட் ஃபீஸ் 40,000 என்று ஒரே பில் கொடுத்தேன். மொத்தத்துக்கும் சேர்த்து 10,000 டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிட்டார்கள். இது சரியா?
– வழக்கறிஞர், கோயம்புத்தூர்

அவர்கள் மேல் தவறில்லை. ஒரே பில்லில் செலவையும் சேர்த்துக் கொடுத்தால் மொத்தத்துக்கும் பிடிக்க வேண்டும் என்றே 1995-ல் வந்த நேரடி வரிகள் வாரியத்தின் 715-ம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. கம்பெனி ஆடிட்டர் அதைத்தான் பார்ப்பார்.

வழி எளிது: இரண்டு பில். முதல் பில்லில் ஃபீஸ் 60,000 மட்டும். 194ஜே பிரிவில் 10 சதவீதம், 6,000 பிடிக்கப்படும். இரண்டாவது, ‘உங்கள் சார்பில் செலுத்திய தொகை’ என்ற தலைப்பில் 40,000. கோர்ட் ஃபீஸ் மின் ரசீதின் நகலை இணைத்துக் கொடுங்கள். அதில் லாபம் ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது. டைப்பிங், ஜெராக்ஸ் என்று உங்கள் அலுவலகச் செலவைக் கணிசமாகக் கூட்டி அதில் நுழைத்தால் அது செலவு ஈடாக இருக்காது, வருமானமாகிவிடும்.

கூடுதலாகப் பிடித்த 4,000 பிறகு வரியில் கழிந்துதானே போகிறது என்று நினைக்கலாம். நீங்கள் 44ஏடிஏ பிரிவில், அதாவது வரவில் பாதியை அப்படியே வருமானமாகக் காட்டும் முறையில், கணக்குக் காட்டுபவர் என்றால் நஷ்டம் அதோடு நிற்காது. வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் உங்கள் பெயரில் 1,00,000 வரவு பதிவாகியிருக்கும். அதில் பாதி, 50,000, உங்கள் வருமானமாகும். உண்மையில் வந்த ஃபீஸுக்கு 30,000தான் வருமானம். கோர்ட்டுக்குப் போன பணத்துக்கு நீங்கள் வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட நல்ல வழி, கோர்ட் ஃபீஸைக் கம்பெனியே நேரடியாக மின்னணு முறையில் கட்டிவிடுவது. உங்கள் கணக்கைத் தொடவே வேண்டாம். பெரிய தொகை என்றால் இதைத்தான் வற்புறுத்த வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒரே கம்பெனி கொடுக்கும் ஃபீஸ் 50,000-ஐத் தாண்டாவிட்டால் டி.டி.எஸ். இல்லை. 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. சில கணக்குப் பிரிவுகளில் இன்னும் பழைய வரம்பிலேயே பிடிக்கிறார்கள், எடுத்துச் சொல்லுங்கள்.

கம்பெனிக்காரர்கள் ஜி.எஸ்.டி. பில் கேட்கிறார்கள். நான் பதிவு செய்ய வேண்டுமா?
– வழக்கறிஞர், ஓசூர்

வேறு தொழில் எதுவும் செய்யாமல் வழக்கறிஞர் பணி மட்டும் என்றால் வேண்டாம். தனிநபர்களுக்கும், முந்தைய ஆண்டில் பதிவு வரம்பைத் தாண்டாத சிறு வியாபாரிகளுக்கும் செய்யும் சட்டப் பணிக்கு விலக்கு உண்டு. வரம்பைத் தாண்டிய வணிக நிறுவனம் என்றால் 18 சதவீத வரியை அந்த நிறுவனமே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். இதை எதிர்நிலை வரி முறை என்பார்கள். பில்லில் நீங்கள் ஜி.எஸ்.டி. சேர்க்கக் கூடாது. “இந்தச் சேவைக்கான வரி, பெறுபவரால் எதிர்நிலை முறையில் செலுத்தப்பட வேண்டியது” என்று ஒரு வரி எழுதி, வரிசை எண், தேதி, பான் எண் போட்டுக் கொடுங்கள்.

44ஏடிஏவில் பாதியை வருமானமாகக் காட்டினால் கணக்குப் புத்தகமே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?
– வழக்கறிஞர், சேலம்

வருமான வரிக்கு வேண்டாம். பார் கவுன்சிலுக்கு வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல அலுவலகங்களில் பேரேடே காணாமல் போனது.

ஆண்டு வரவு 50 லட்சம் வரையுள்ள தனிநபர் வழக்கறிஞரும் பங்குதாரர் நிறுவனமும் இந்தப் பிரிவில் வரலாம், எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) வர முடியாது. ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 75 லட்சம். இதற்கு மட்டுமாவது எது ரொக்கம், எது வங்கி என்ற கணக்கு தேவைப்படும். முன்கூட்டிய வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டாம். மார்ச் 15-க்குள் ஒரே தவணை. அந்தத் தேதியைத் தவறவிட்டு வட்டி கட்டுவோர் ஏராளம்.

உங்கள் உண்மையான செலவு வரவில் பாதியைவிட அதிகம் என்றால், அதாவது வாடகையும் ஜூனியர் சம்பளமும் அதிகமுள்ள அலுவலகம் என்றால், இந்தப் பிரிவு உங்களுக்கு நஷ்டம். வருமான வரி விதிகளில் 6எஃப் விதிப்படி ரொக்கப் புத்தகம், பேரேடு, வரிசை எண்ணிட்ட பில் நகல்கள், செலவு வவுச்சர்கள் வைத்து, தணிக்கை செய்து உண்மையான லாபத்தைக் காட்டுங்கள். எது லாபம் என்று பார்க்கவும் கணக்கு எழுதியிருக்க வேண்டும்.

சமரசத்தில் எதிர்த்தரப்பு 8 லட்சத்துக்குக் காசோலை கொடுத்தது. கட்சிக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் என் பெயரிலேயே வாங்கிவிட்டேன். என் ஃபீஸ் பாக்கி 35,000-ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாமா?
– வழக்கறிஞர், நாகர்கோவில்

முதலில் இனிமேலுக்கு: காசோலையோ டி.டி.யோ கட்சிக்காரர் பெயரில்தான் வாங்க வேண்டும். சமரச மனுவிலேயே அவருடைய வங்கிக் கணக்கு எண்ணை எழுதி, நேராக அங்கே போகச் செய்யலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கும்.

இப்போது வந்துவிட்ட பணத்துக்கு: கட்சிக்காரர் கணக்கில் போடுங்கள், அலுவலகக் கணக்கில் வேண்டாம். பணம் வந்ததைக் கூடிய விரைவில் கட்சிக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 27-வது விதி. இன்றே மின்னஞ்சலில் தேதி, தொகை, காசோலை எண் எழுதி அனுப்புங்கள். காசோலை தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும் என்பதால் போடுவதைத் தள்ளவும் கூடாது.

ஃபீஸைப் பொறுத்தவரை, நடவடிக்கை முடிந்த பிறகு, முன்பே பேசி முடித்த ஃபீஸ் பாக்கியை உங்கள் கையில் உள்ள பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள 28-வது விதி இடம் தருகிறது. கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு: ‘முடிந்த பிறகு’, ‘பேசி முடித்த’. சமரசத் தீர்ப்பாணை வந்திருக்க வேண்டும். 35,000 என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வழக்கு நன்றாக முடிந்ததற்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள உரிமை இல்லை. கழித்ததை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்: வரவு 8,00,000; ஃபீஸ் பாக்கி 35,000; அனுப்புவது 7,65,000. ‘கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும், வட்டி தருகிறேன்’ என்று கட்சிக்காரர் சம்மதத்தோடு வைத்துக்கொள்வதும் கூடாது. கையிலுள்ள கட்சிக்காரர் பணத்தைக் கடனாக மாற்றுவதை 31-வது விதி தடுக்கிறது.

இன்னொரு பணத்தையும் மறக்க வேண்டாம். மத்தியஸ்தத்திலோ லோக் அதாலத்திலோ முடிந்த வழக்குக்குத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவில் கோர்ட் ஃபீஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பும் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுப் போட்டு வாங்குங்கள். வரும் தொகை கட்சிக்காரருடையது.

விபத்தில் என் கணவர் இறந்ததற்கு இழப்பீடு கேட்டு வழக்கு நடக்கிறது. வரும் தொகையில் 10 சதவீதம் தர வேண்டும் என்று சொல்லி, வக்கீல் வெற்றுக் காசோலையில் கையெழுத்துக் கேட்கிறார். இது சட்டப்படி சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

சரியில்லை அம்மா. கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் இந்தியாவில் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அது பார் கவுன்சிலின் 20-வது விதி. உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கு தெலங்கானாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கணவரை விபத்தில் இழந்த பெண், சதவீதக் கணக்கில் கேட்ட ஃபீஸுக்காகக் காசோலை கொடுத்திருந்தார். அது திரும்பியதும் அவர் மேலேயே காசோலை வழக்கு வந்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. சதவீத ஃபீஸ் கேட்பது தொழில்முறைத் தவறு என்றும் சொன்னது.

வக்கீலிடம் மரியாதையாகவே கேளுங்கள்: “ஐயா, மொத்த ஃபீஸ் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், தவணையாகத் தருகிறேன்.” நியாயமான ஃபீஸ் அவருக்குச் சேர வேண்டியது, அதைத் தரத்தான் வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். இழப்பீட்டை உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பும் முறை இருக்கிறது. அதற்கான கணக்கு உங்கள் பெயரில், பாஸ்புக் உங்கள் கையில், கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். காசோலைப் புத்தகத்தையோ ஏ.டி.எம். அட்டையையோ யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்டால் உங்கள் கணக்கின் நகலை அவர் தர வேண்டும். நகல் எடுக்கும் செலவு மட்டும் உங்களுடையது. சிக்கல் தீராவிட்டால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வழக்கறிஞர் பணி அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஃபீஸ் தராத கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போகிறேன் என்று கேஸ் கட்டைக் கேட்கிறார். பாக்கி தரும்வரை கட்டை வைத்துக்கொள்ளலாமா?
– வழக்கறிஞர், வேலூர்

கூடாது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கட்டைக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பாக்கியை வசூலிக்க வழி உண்டு. நோட்டீஸ் கொடுத்து, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம். அந்த வழக்கில் உங்களைக் காப்பாற்றுவது ஃபீஸ் கடிதம் ஒன்றுதான். வக்காலத்து வாங்கும் அன்றே ஒரு பக்கக் கடிதம்: என்ன வேலை, எந்தக் கோர்ட் வரை, மொத்த ஃபீஸ், எந்தக் கட்டத்தில் எவ்வளவு, செலவு தனி, மேல்முறையீடு சேராது. கட்சிக்காரர் கையெழுத்து.

பாக்கி ஏன் சேர்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஃபீஸைத் ‘தீர்ப்பு வந்ததும்’ என்று தள்ளியிருப்பார்கள். தீர்ப்பு சாதகமாக வந்தவர் எல்லாம் தானாகக் கிடைத்தது என்று நினைக்கிறார். பாதகமாக வந்தவர் தர மனமில்லாமல் போகிறார். ஆகவே வேலையின் கட்டங்களோடு ஃபீஸைக் கட்டுங்கள். 40,000 என்றால் வழக்குத் தயாரித்துத் தாக்கல் செய்ய 15,000, எழுவினா (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வரைந்ததும் 5,000, சாட்சி விசாரணை தொடங்கும் முன் 12,000, வாதத்துக்கு முன் 8,000. கட்டம் வருவதற்கு இரண்டு வாய்தா முன்பே நினைவூட்டுங்கள். சாட்சிக் கூண்டில் ஆள் நிற்கும் நாளில் பணம் கேட்பது இருவருக்கும் சங்கடம்.

நாங்கள் மூன்று வழக்கறிஞர்கள் சேர்ந்து அலுவலகம் நடத்துகிறோம். சில மாதம் வரவு கொட்டுகிறது, கோடை விடுமுறை வந்தால் வாடகைக்கே இல்லை. எப்படிச் சமாளிப்பது?
– வழக்கறிஞர்கள், திருச்சி

கொட்டும் மாதத்தில் மூவரும் அப்படியே பிரித்து எடுத்துக்கொள்வதால் வரும் தட்டுப்பாடு இது. வாடகை, மின்சாரம், குமாஸ்தா சம்பளம், ஜூனியர்களுக்குக் கொடுப்பது, சட்ட மென்பொருள் சந்தா எல்லாவற்றையும் கூட்டி ஒரு மாத நிலைச் செலவைக் கண்டுபிடியுங்கள். அது 90,000 என்றால் மூன்று மாதத்துக்கான 2,70,000 அலுவலகக் கணக்கில் எப்போதும் நிற்கும்வரை யாரும் கூடுதலாக எடுக்க வேண்டாம். மூவரும் மாதம் ஒரு நிலையான தொகை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரியுங்கள். இந்த இருப்பில் கட்சிக்காரர் கணக்கின் பணம் ஒரு பைசாவும் சேராது.

ஜூனியர்களின் தொகையை நிலைச் செலவில் முதலில் எழுதுங்கள். சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற இடங்களில் 15,000 என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையில் மிஞ்சினால் கொடுக்கலாம் என்று அதைக் கடைசியில் வைப்பது நியாயமில்லை.

பங்குதாரர் ஒப்பந்தம் எழுதியிருந்தால், 2025 ஏப்ரல் முதல் பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி ஆண்டுக்கு 20,000-ஐத் தாண்டினால் 194டி (194T) என்ற புதிய பிரிவில் நிறுவனமே 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். சிறிய அலுவலகங்கள் இதைத் தவறவிடுகின்றன. வழக்கறிஞர் அல்லாதவரோடு ஃபீஸைப் பங்கிடுவது தடை. வழக்குக் கொண்டுவரும் தரகருக்கோ குமாஸ்தாவுக்கோ சதவீதம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் நிறுத்திவிடுங்கள். குமாஸ்தாவுக்கு நல்ல மாதச் சம்பளம் கொடுங்கள்.

பழைய கணக்குகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?
– வழக்கறிஞர், புதுக்கோட்டை

6எஃப் விதிப் புத்தகங்களை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 6 ஆண்டு. 2024-25 நிதியாண்டுக் கணக்கு 2032 மார்ச் 31 வரை இருக்க வேண்டும். வழக்குப் பேரேட்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருப்பதால் அதுவரை அந்தப் பக்கம் தேவைப்படலாம். வெப்பத்தில் அச்சாகும் ரசீதுத் தாள்கள் ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துத் தைத்து வையுங்கள்.